‘நெட் வரல’: வீட்டுக் கணினியின் வைஃபை பழுதை எங்கிருந்து தேடுவது?

கணினித் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில், விசிறியை விரித்தாற்போல இருந்த வைஃபை குறி மறைந்து, அந்த இடத்தில் உருண்டையாக ஓர் உலகக் குறி வந்து உட்கார்கிறது. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ‘நெட் வரல’ என்று வீட்டில் ஒருவர் சொன்னதும் ஆளுக்கொரு வைத்தியம் வருகிறது. ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார் ஒருவர். டிரைவரை மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடலாம் என்பது மூன்றாமவர் கருத்து. கார்டு போயிருக்கும், புதிது வாங்கிப் போட்டுவிடுங்கள் என்கிறார் கடைக்காரர்.

நால்வரும் வெறும் ஊகத்தில் பேசுவதில்லை. ஒவ்வொரு யோசனைக்குப் பின்னாலும் ஒரு தொழில் மரபு இருக்கிறது. அது எங்கோ உண்மையிலேயே பலித்தும் இருக்கிறது. ஆனால் அவை வெவ்வேறு பழுதுகளுக்கான விடைகள். கேள்விதான் ஒன்றுபோல ஒலிக்கிறது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லும், எங்கே சறுக்கும் என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

## ஒரு சொல், ஐந்து நிலைகள்

‘நெட் வரல’, ‘டவர் இல்ல’, ‘சுத்திக்கிட்டே இருக்கு’, ‘கட் ஆகிக் கட் ஆகி வருது’ ஆகியவை வீடுகளில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று புழங்கும் சொற்கள். இவற்றுக்கு அடியில் குறைந்தது ஐந்து தனி நிலைகளைப் பிரிக்கலாம். முதல் நிலையில், அடாப்டர் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. இரண்டாம் நிலையில், அடாப்டர் தெரிகிறது. ஆனால் நெட்வொர்க் பட்டியல் காலியாக இருக்கிறது, அல்லது அக்கம்பக்கத்துப் பெயர்கள் எல்லாம் வந்து நம் வீட்டுப் பெயர் மட்டும் விடுபடுகிறது. மூன்றாம் நிலையில், பெயர் தெரிந்தும், கடவுச்சொல் சரியாக இருந்தும், சேர மறுக்கிறது. நான்காம் நிலையில், சேர்ந்துவிட்டது. இணையம் மட்டும் இல்லை. ஐந்தாம் நிலையில், எல்லாம் இருக்கிறது. ஆமை வேகம், அல்லது அடிக்கடி அறுந்துபோகிறது.

இந்தப் பிரிப்பு தேடும் இடத்தையே மாற்றிவிடும். முதல் நிலையில் ரவுட்டரைத் தொட்டுப் பயனில்லை. நான்காம் நிலையில் கார்டை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. கீழே பார்க்கப்போகும் ஒவ்வொரு நிலைப்பாடும் இந்த ஐந்தில் ஓரிரண்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. மற்றவற்றுக்கும் தன்னை நீட்டிக்கொள்ளும்போதுதான் தடுமாறுகிறது.

## ரேடியோப் பட்டறையிலிருந்து வந்த கேள்வி

பழுதை எந்த வரிசையில் தேடுவது என்ற விவாதம் வைஃபையைவிட மூத்தது. வால்வு ரேடியோக் காலத்துப் பட்டறைகளிலேயே மூன்று வழிகள் இருந்தன. சந்தேகத்துக்குரிய வால்வைக் கழற்றிவிட்டு, நல்லதென்று தெரிந்த வால்வைச் செருகிப் பார்ப்பது ஒன்று. ஆன்டெனாவிலிருந்து ஒலிபெருக்கிவரை சிக்னலைப் பின்தொடர்ந்து, எங்கே அறுகிறது என்று பார்ப்பது இரண்டாவது. நடுவில் ஓரிடத்தில் சோதித்து, பழுது முன்பாதியிலா பின்பாதியிலா என்று தீர்மானித்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவது மூன்றாவது. இன்று நெட்வொர்க் வகுப்புகளில் கற்பிக்கப்படும் முறைகள் பெரும்பாலும் இந்த மூன்றின் வாரிசுகளே.

1984-இல் வெளியான ஓஎஸ்ஐ மாதிரி இதற்கு ஓர் ஏணியைக் கொடுத்தது. கம்பியும் மின்துடிப்பும் கீழ்ப்படி. பயனர் பார்க்கும் செயலி மேல்படி. மொத்தம் ஏழு அடுக்குகள். கீழிருந்து மேலே போவதா, மேலிருந்து கீழே வருவதா, நடுவில் தொடங்குவதா என்ற கேள்வி அதன்பிறகு பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

கம்பியில்லா இணைப்பு இந்த ஏணியின் கீழ்ப்படியை வழுக்கலாக்கியது. 1985-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த வழிவிட்டது. 1997-இல் 802.11 தரநிலை வந்தபோது அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-இன் 802.11பி அதை 11 ஆக்கியது. 2003-இல் இன்டெல்லின் சென்ட்ரினோ விளம்பரங்கள், மடிக்கணினி என்றால் உள்ளேயே வைஃபை இருக்கும் என்ற எதிர்பார்ப்பை உலகெங்கும் பரப்பின. இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005-இல் உரிம விலக்கு கிடைத்தது; 5 ஜிகாஹெர்ட்ஸில் 2018-இல் விதிகள் மேலும் தளர்ந்தன.

உரிமம் வேண்டாம் என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு: அந்த அலைவரிசையில் யாருக்கும் தனிப் பாத்தியதை இல்லை. இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வைஃபையில் அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எதிர்முனை ‘வந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அடாப்டர் சத்தமில்லாமல் மறுபடி அனுப்புகிறது. தேவைப்பட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பயனருக்கு ‘சிக்னல் கெட்டுவிட்டது’ என்ற செய்தி வருவதில்லை; வீடியோ சுற்றுவது மட்டும் தெரிகிறது. கீழ்ப்படியின் நோய்க்கு மேல்படியில் அறிகுறி. வீட்டு வைஃபை குறித்த கருத்து வேறுபாடுகளில் பலவும் இந்த மறைப்பிலிருந்தே பிறக்கின்றன.

## முதல் நிலைப்பாடு: கோளாறு கருவியில்

கடைக்காரர் மரபு இது. அடாப்டர் ஒரு பொருள், பொருள் கெட்டுப்போகும். இதற்கு உறுதியான ஆதாரங்கள் உண்டு. மடிக்கணினியின் வைஃபை கார்டிலிருந்து கிளம்பும் மெல்லிய ஆன்டெனா கம்பிகள் பெரும்பாலும் கீல் வழியாகத் திரைச்சட்டத்துக்குள் ஏறுகின்றன. ஆயிரம் தடவை திறந்து மூடும் கீலில் அந்தக் கம்பி நைந்துபோகலாம். பேட்டரி மாற்றவோ தூசி தட்டவோ திறந்தபோது, மிளகளவு இணைப்பான் ஒன்று கார்டிலிருந்து கழன்றிருக்கலாம். அப்படி நேர்ந்தால் அடாப்டர் செத்துவிடாது. ரவுட்டருக்கு அருகே ஒழுங்காக வேலை செய்து, அடுத்த அறைக்குப் போனதும் திணறும். பார்ப்பவருக்கு ரவுட்டர் பலவீனம் போலவே தோன்றும்.

மேசைக் கணினியில் கதை வேறு. யுஎஸ்பி அடாப்டரை, அதாவது டாங்கிளை, பெட்டியின் பின்புறம் செருகினால் அதற்கும் ரவுட்டருக்கும் நடுவே ஓர் இரும்புக் கூடு நிற்கிறது. அதோடு, யுஎஸ்பி 3.0 வாயிலும் கேபிளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழக்கூடும் என்று இன்டெல் 2012-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. வெளி ஹார்ட்டிஸ்க்கில் படம் நகலெடுக்கும்போதெல்லாம் வைஃபை தள்ளாடினால், காரணம் பக்கத்துத் துளையில் இருக்கலாம். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளை மேசைமேல் கொண்டுவருவது பல வேளை புதுக் கார்டு வாங்குவதற்கு நிகரான பலனைத் தருகிறது.

இந்த மரபின் முதன்மைச் சோதனை மாற்றிப் பார்த்தல்: வேறொரு டாங்கிளைச் செருகு, வேலை செய்தால் பழையது பழுது. இந்த முடிவில் ஓர் ஓட்டை உண்டு. டாங்கிளை மாற்றும்போது டிரைவரும், ஆன்டெனா இருக்கும் இடமும், சில வேளை அலைவரிசையும் சேர்ந்தே மாறுகின்றன. புதியது இயங்குகிறது என்பதே அந்தச் சோதனை தரும் முழு உண்மை. பழையது செத்துவிட்டது என்பது அதற்குமேல் நாம் சேர்ப்பது. அதே டாங்கிளை வேறொரு கணினியில் செருகிப் பார்க்கும்வரை வழக்கு முடியவில்லை.

## இரண்டாம் நிலைப்பாடு: கோளாறு டிரைவரில்

சிப்பும் இயங்குதளமும் பேசிக்கொள்ள உதவும் மென்பொருளே டிரைவர். அதன்மேல் விழும் சந்தேகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. லினக்ஸ் பயனர்களிடம் அது இன்னும் கூர்மையானது. 2000-களில் பல வைஃபை சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கவில்லை. விண்டோஸுக்கான டிரைவரையே ஒரு மேலுறைக்குள் வைத்து லினக்ஸில் ஓட்டும் என்டிஸ்ராப்பர் என்ற உத்தி அப்போது பரவலாக இருந்தது. பிராட்காம் சிப்கள் சிலவற்றுக்கு ஆர்வலர்கள் தலைகீழ்ப் பொறியியல் மூலமே டிரைவர் எழுதினார்கள். அந்நிறுவனம் புதிய சிப்களுக்குத் திறமூல டிரைவரை வெளியிட்டது 2010-இல்தான்.

விண்டோஸில் இந்தக் கட்சி டிவைஸ் மேனேஜரைச் சாட்சியாக அழைக்கிறது. அங்கே அடாப்டர் பெயருக்கருகே மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருந்தால், உள்ளே ஓர் எண் இருக்கும். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள். 10 என்றால் கருவி தொடங்க முடியவில்லை. 43 என்றால் கருவி தானே பிரச்சினையை அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. முதல் இரண்டும் ஓரளவு தெளிவான தீர்ப்புகள். 10, 43 இரண்டையும் டிரைவரும் தரலாம், கருவியும் தரலாம். அவற்றை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

டாங்கிள் வாங்குபவர்களைச் சுற்றவிடும் பொறி ஒன்று இங்கே இருக்கிறது. அட்டைப்பெட்டியில் அச்சான அதே மாடல் பெயரின்கீழ், பதிப்புக்குப் பதிப்பு வேறு நிறுவனத்தின் சிப் இருக்கக்கூடும். மாடல் பெயரைத் தேடி இறக்கிய டிரைவர் ஏறாததற்கு அது காரணமாகலாம். சில டாங்கிள்கள் செருகியவுடன் தம்மை ஒரு சிடி டிரைவாக அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. உள்ளிருக்கும் டிரைவரை நிறுவிய பிறகே அடாப்டராக மாறுகின்றன. இன்னொரு முரண், டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்பது. கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் இணையத்தைக் கடனாகப் பெறுவது இந்த முடிச்சை எளிதில் அவிழ்க்கும்.

‘புது டிரைவர் போட்டால் சரியாகும்’ என்ற பொது விதிதான் இந்நிலைப்பாட்டின் பலவீனம். நேற்றுவரை ஓடியது, நேற்றிரவு அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால், வேண்டியது பழைய டிரைவர். அதற்காகவே முந்தைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் இருக்கிறது. மேலும், டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றும்போது அடாப்டர் முற்றிலும் புதிதாகத் தொடங்குகிறது. குணமாக்கியது புதிய நிரலா, புதிய தொடக்கமா என்பது அத்தோடு தெரியாமல் போகிறது.

## மூன்றாம் நிலைப்பாடு: கோளாறு அமைப்பில்

கருவியும் நலம், டிரைவரும் நலம்; இடையில் ஏதோ ஒரு பொத்தான் தவறான பக்கம் இருக்கிறது என்பது உதவி மையங்களின் மரபு. இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. சில மடிக்கணினிகளின் விளிம்பில் வைஃபைக்கென்று தனிச் சுவிட்ச் இருக்கும்; பைக்குள் வைக்கும்போது அது நகர்ந்துவிடும். விசைப்பலகையில் விமானப் படமுள்ள பொத்தானில் குழந்தையின் விரல் பட்டிருக்கலாம். மின்சாரம் மிச்சப்படுத்த அடாப்டரை அணைத்துக்கொள்ளக் கணினிக்கு அனுமதி தரும் ஒரு தேர்வு உண்டு. மடிக்கணினி தூங்கி விழித்ததும் வைஃபை காணாமல் போவதற்கு அது காரணமாவதுண்டு.

சேர மறுக்கும் மூன்றாம் நிலையில் பாதுகாப்புத் தரநிலைகளின் வரலாறு குறுக்கே வருகிறது. முதல் பாதுகாப்பு முறையான வெப்பின் அடித்தளக் குறையை 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் வெளிப்படுத்தினார்கள். அதன்பின் டபிள்யூபிஏ, 2004-இல் அதன் இரண்டாம் பதிப்பு, 2018-இல் மூன்றாம் பதிப்பு என்று பூட்டுகள் மாறின. ரவுட்டரை மூன்றாம் பதிப்புக்கு மட்டும் மாற்றினால், பத்தாண்டு பழைய அடாப்டருக்கு அந்தப் பூட்டு புரியாமல் போகலாம். பயனர் பார்ப்பதோ ‘இணைக்க முடியவில்லை’ என்ற ஒரே வரி. கடவுச்சொல்லை எத்தனை தடவை தட்டினாலும் திறக்காது.

நான்காம் நிலைக்கு இந்தக் கட்சியின் நல்ல சாட்சி ஐபி முகவரி. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் கணினி தனக்குத் தானே ஒன்று சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அலை இணைப்பு இருக்கிறது, முகவரி வழங்கல் அறுந்திருக்கிறது என்று அந்த ஒரே எண் பழுதின் பக்கத்தைக் காட்டிவிடும். இன்னொரு தடயம் கடிகாரம். மதர்போர்டின் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். பக்கங்கள் திறக்க மறுக்கும். வைஃபை மீது பழி விழும்.

‘இணையம் இல்லை’ என்று விண்டோஸ் சொல்வதையும் முழுக்க நம்பத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒன்றிலிருந்து சிறு கோப்பொன்று கிடைக்கிறதா என்று பார்த்தே அது அப்படிச் சொல்கிறது. விபிஎன் அல்லது ஆன்டிவைரஸ் அந்தச் சோதனையைத் தடுத்தால், இணையம் இருக்கும்போதே குறி இல்லை என்று காட்டக்கூடும்.

2016-இல் விண்டோஸ் 10-க்குள் வந்த ‘நெட்வொர்க் ரீசெட்’ இந்த மரபின் பிரம்மாஸ்திரம். அடாப்டர்களை நீக்கி மறுபடி நிறுவி, அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகிறது. சேமித்த கடவுச்சொற்களும் விபிஎன் அமைப்புகளும் போய்விடக்கூடும். எது தவறாக இருந்தது என்ற தடயமும் அவற்றோடு போகிறது.

## நான்காம் நிலைப்பாடு: கோளாறு காற்றில்

ரேடியோப் பொறியாளர்கள் பார்வையில் கணினி பெரும்பாலும் நிரபராதி. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் சானல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஓர் இணைப்புக்குத் தேவையான அகலமோ சுமார் 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றைப் பங்குபோட வேண்டும். அதே பட்டையில்தான் புளூடூத்தும் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஏறத்தாழ 2.45 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. மதிய உணவைச் சூடாக்கும் நேரத்தில் மட்டும் வீடியோ அழைப்பு உடைவதற்கு அது போதும்.

சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற எதிர்மறை எண்ணில் அளக்கிறார்கள். -50 தாராளம், -67 வீடியோ அழைப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை, -80 தள்ளாட்டம். பத்து எண் இறங்கினால் திறன் பத்தில் ஒன்றாகிறது. கான்கிரீட் சுவர் பல எண்களைத் தின்றுவிடும். ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் இரும்பு பீரோ அதைவிட மோசம். 5 ஜிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும் வலு அதற்கு இன்னும் குறைவு.

‘நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை’ என்ற இரண்டாம் நிலைக்கு இந்தக் கட்சியிடம் சுவையான விளக்கங்கள் உண்டு. அடாப்டர் 2.4 மட்டும் அறிந்ததாக இருந்து, ரவுட்டர் 5-இல் மட்டும் ஒலிபரப்பினால் பெயர் தெரியாது. அமெரிக்கச் சந்தைக்கான அமைப்பிலுள்ள அடாப்டர் 11-ஆம் சானலோடு நின்றுவிடும். தானியங்கியாக 13-க்குத் தாவிய ரவுட்டர் அதன் கண்ணிலேயே படாது. 5 ஜிகாஹெர்ட்ஸின் சில சானல்களை வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துவதால், பல நாடுகளில் ரவுட்டர் அங்கே ஒலிபரப்பும்முன் ஒரு நிமிடமாவது காத்திருந்து கேட்க வேண்டும். ரேடார் கேட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மின்சாரம் வந்து சில நிமிடங்கள் கழித்தே பெயர் தோன்றுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

பலவீனம் அளவீட்டில் இருக்கிறது. திரையில் தெரியும் கோடுகள் வலிமையை மட்டும் காட்டுகின்றன. நெரிசலையும் இரைச்சலையும் காட்டுவதில்லை. நான்கு கோடும் நிறைந்திருக்க இணைப்பு ஊர்வது இதனால்தான். வலிமையை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபாடு உண்டு. இரண்டு கருவிகளின் எண்களை அப்படியே ஒப்பிடுவது பாதுகாப்பானதல்ல.

## ஐந்தாம் நிலைப்பாடு: கோளாறு வீட்டு வாசலுக்கு அப்பால்

ரவுட்டர் அல்லது இணைப்பு தரும் நிறுவனமே குற்றவாளி என்பது பயனர்களின் முதல் ஊகம். இதைச் சோதிக்க எளிய ஏணி ஒன்று இருக்கிறது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங் என்ற சிறு நிரல், ஒரு முகவரியைக் கூப்பிட்டு எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறது. முதலில் ரவுட்டரைக் கூப்பிடலாம். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1. அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரி. கடைசியாக ஓர் இணையதளப் பெயர். ரவுட்டரே பதில் சொல்லாவிட்டால் பழுது பெரும்பாலும் வீட்டுக்குள். ரவுட்டர் சொல்லி வெளிமுகவரி சொல்லாவிட்டால் பழுது பெரும்பாலும் வெளியே. ஃபைபர் பெட்டியில் லாஸ் என்ற சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அப்போது பார்க்கலாம். எண் பதில் சொல்லிப் பெயர் சொல்லாவிட்டால், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் சேவையில் குறை. பட்டறையின் பாதிபாதியாகப் பிரிக்கும் முறை இங்கே மூன்றே வரிகளில் நடந்துவிடுகிறது.

‘போனில் வருகிறது, கணினியில் வரவில்லை, ஆகவே கணினி பழுது’ என்ற பரவலான தர்க்கமும் இதே வகை. இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வைஃபையில் இணையம் இல்லாதபோது போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடக்கூடும். டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்யாத ஒப்பீடு பொய் சொல்லும். போன் 5-இலும் கணினி 2.4-இலும் இருந்தால் இரண்டும் ஒரே சாலையில் போகவில்லை.

ஐந்தாம் நிலையான மெதுவேகத்தைப் பற்றி இரண்டு ஆய்வுகள் இந்த விவாதத்தையே நகர்த்தின. 2003-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஹூஸும் உடனாய்வாளர்களும் காட்டியது இது: ஒரே ரவுட்டரில் தொலைவிலிருந்து மெல்லப் பேசும் ஒரு கருவி, காற்றை நீண்ட நேரம் பிடித்துக்கொள்வதால், பக்கத்திலிருக்கும் வேகமான கருவிகளையும் ஏறத்தாழ தன் வேகத்துக்கு இழுத்துவிடுகிறது. கொல்லைப்புற அறையில் இருக்கும் பழைய மடிக்கணினியால் கூடத்துக் கணினி தவிக்கலாம். 2010 முதல் ஜிம் கெட்டிஸ் கவனத்துக்குக் கொண்டுவந்த ‘பஃபர்புளோட்’ மற்றொன்று. ரவுட்டரும் மோடமும் தேவைக்கு மிஞ்சிய பொட்டலங்களை வரிசையில் தேக்கிவைப்பதால், யாராவது பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவர்களின் அழைப்புகள் தடுமாறுகின்றன. இந்த இரண்டிலும் எந்தக் கருவியும் கெட்டிருக்கவில்லை. எல்லாம் வடிவமைத்தபடியே இயங்குகின்றன; பழுது உறவில் இருக்கிறது. உடைந்த பாகத்தைத் தேடும் முறைகள் எல்லாம் இங்கே கைவிரிக்கின்றன.

## ‘அணைத்துப் போடு’ கட்சி

காரணத்தைப் பற்றிக் கவலைப்படாத நிலைப்பாடு ஒன்றும் உண்டு: எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடு. செலவில்லாதது, அடிக்கடி பலிப்பது, அதனாலேயே உலகம் முழுவதும் முதல் மருந்து. அதிலும் ஒரு நுணுக்கம் கவனிக்கப்படாமல் போகிறது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த வேகத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் முழுமையாக மூடப்படுவதில்லை. அவற்றின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே எழுகிறது. ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. ‘நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்’ என்பவர் ஒரு தடவைகூட உண்மையான மறுதொடக்கம் செய்யாதவராக இருக்கலாம்.

இதற்கு எதிரான வாதம் மருந்து பலிக்காது என்பதல்ல. நோயின் பெயர் தெரியாமல் குணமாகிறது என்பது. வாராவாரம் திரும்பிவரும் பழுதுக்கு அந்த அறியாமை விலை உயர்ந்தது. கணினியையும் ரவுட்டரையும் ஒரே நேரத்தில் அணைத்துப் போட்டால், இரண்டில் எது காரணம் என்று சொல்லக்கூட வழியில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுவது சில நிமிடங்களைக் கூட்டும்; ஆனால் ஒவ்வொரு படியும் ஒரு விடையைத் தரும். விண்டோஸுக்குள்ளேயே கடந்த மூன்று நாள் வைஃபை நிகழ்வுகளை நேரவரிசையில் காட்டும் அறிக்கை வசதி இருக்கிறது. எப்போது அறுந்தது, என்ன காரணம் சொல்லி அறுந்தது என்று அதில் பதிவாகிறது. ரீசெட்டுக்கு முன் அதை எடுத்துவைப்பவர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

## மதிப்பீடு

ஐந்து நிலைப்பாடுகளையும் அருகருகே வைத்தால், அவை போட்டியாளர்களாகத் தெரிவதைவிட வெவ்வேறு அறைகளின் காவலர்களாகவே தெரிகின்றன. அடாப்டரே தெரியாதபோது கருவியும் டிரைவரும். பெயர் தெரியாதபோது காற்று. சேர மறுக்கும்போது அமைப்பு. சேர்ந்தும் இணையம் இல்லாதபோது முகவரியும் வாசலுக்கு அப்பாலும். மெதுவாகும்போது காற்றும் பகிர்வும். இந்தப் பொருத்தம் பொதுவான சாய்வுதான். ஆன்டெனா கம்பி கழன்ற கார்டு காற்றைப்போல நடிக்கும் என்பதை முன்பே பார்த்தோம்.

சோதனைகளின் வரிசையைப் பற்றி ஒன்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும் செய்யும் சோதனைகள் (டிவைஸ் மேனேஜர் எண், ஐபி முகவரி, மூன்று பிங்குகள், டேட்டா அணைத்த போன்) முதலில் வர வேண்டும். திரும்பப் பெறக்கூடிய சிறு மாற்றங்கள் அடுத்து. தடயத்தை அழிக்கும் ரீசெட்டும் மறுநிறுவலும் கடைசியில். கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா என்ற பழைய பூசலைவிட இந்த வரிசை அதிகப் பலன் தரக்கூடும். ‘அடாப்டர் போச்சு’ என்பதும் முதலில் எழுதும் தீர்ப்பாக இருக்க முடியாது. மற்ற அறைகளைத் தட்டிப் பார்த்தபின் மிஞ்சும் தீர்ப்பாகவே அது நிற்கும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் சில. விட்டு விட்டு வரும் பழுதை வீட்டுச் சூழலில் எப்படி மறுபடி வரவழைத்துப் பிடிப்பது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை. பிங் ஏணி ஏறும்போது இணைப்பு ஒழுங்காகவே நடந்துகொள்ளும். புதிய கருவிகள் இந்தச் சிக்கலை வளர்க்கின்றன. ஒரே பெயரின்கீழ் பட்டைகளைத் தாமே மாற்றிக்கொள்ளும் ரவுட்டர்களும், 2024 ஜனவரியில் சான்றளிப்பு தொடங்கிய வைஃபை 7-இல் ஒரே நேரத்தில் இரு பட்டைகளில் பேசும் வசதியும், தடுக்கி விழுவதைக் குறைக்கின்றன. விழுந்தால் எங்கே விழுந்தது என்பதையும் மறைக்கின்றன. தானே பழுதைச் சரிசெய்துகொள்ளும் கருவி, அதைப் பயனருக்குச் சொல்லவும் வேண்டுமா என்பது வடிவமைப்பாளர்கள் இன்னும் முடிவு செய்யாத கேள்வி.

கடைசியாக, பொருளாதாரம். சில நூறு ரூபாய்க்கு டாங்கிள் கிடைக்கும்போது, காரணத்தைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுவது அறிவா என்று கடைக்காரர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. முதல் நிலையில் உள்ள பழைய கணினிக்கு அவர் விடையே சரியாகவும் இருக்கலாம். ஆனால் புது டாங்கிள் செருகிய பிறகும் மதிய உணவு நேரத்தில் அழைப்பு உடைந்தால், செலவான நூறுகள் அடுப்பைப் பற்றி எதுவும் சொல்லியிருக்காது.